மூன்றாம் பாகம்

நார்விச்சில் மழை.
அச்சகப் பலகையில் இன்னும்
செத்துப்போன கணவனின் பெயர்.
உள்ளே கெசையா ஈய எழுத்துகளைக் கழுவுகிறாள்,
காரநீரில் விரல்கள் வெடித்திருக்கின்றன.

நாவல் எழுதுகிறவர் ஒரு பாதிரியார்.
முதல் இரண்டு பாகங்களில்
நாயகி கால்சட்டை போட்டுக் கப்பலேறினாள்,
மோதிரம் இல்லாமலே ஒருவனோடு
லிஸ்பனில் வீடெடுத்துச் சீட்டாடினாள்,
பெரும்பாலும் ஜெயித்தாள்.
மூன்றாம் பாகத்துக்குக் கடிதம் வந்தது:
கல்யாணம், இல்லையென்றால் காய்ச்சல்.
எதுவென்று வெள்ளிக்கிழமை சொல்கிறேன்.

ஆம்ப்ரோஸ் சிரிக்கவில்லை.
எழுத்துக் கோர்ப்பவன்.
ஒன்பது வருடமாக மாடியறை வாடகைக்காரன்,
ஊருக்கும் கணக்குப் புத்தகத்துக்கும்.

ஒரே ஒருமுறை கேட்டான், கையில் மோதிரத்தோடு.
"சர்ச்சில் நான் சரியென்ற நொடியில்
அச்சு உன்னுடையது, காகிதம் உன்னுடையது,
இந்த மைக்கறைப் பாவாடைகூடச் சட்டப்படி உன்னுடையது.
அப்புறம் உனக்குக் கொடுக்க
என்னிடம் என்ன இருக்கும், சொல்?"
மோதிரம் என்னவானதென்று அவள் கேட்கவில்லை.
அந்தக் குளிர்காலம்
ஒரு பெட்டி காற்புள்ளி புதிதாய் வந்திறங்கியது.

வெள்ளிக்கிழமை: கல்யாணம்.

விடிய விடியக் கோர்த்தான்.
ஈயத்தைத் தலைகீழாகத்தான் வாசிக்க வேண்டும்.
கெசையா மெழுகுவர்த்தியைத் தாழ்த்தினாள்.
மணி அடிக்கிறது, குரு கேட்கிறார்,
நாயகி வாயைத் திறக்கிறாள்

அங்கே ஒரு காற்புள்ளி.
அதற்குப் பிறகு வெறும் சட்டகம்.

"எழுத்து தீர்ந்துபோச்சு" என்றான்.
அவள் பெட்டியைப் பார்த்தாள். நிறைய இருந்தது.
மைப்பந்தை எடுத்துத்
தடவ ஆரம்பித்தாள்.