இரண்டு யூரோ

தலை நுழைந்தால் உடம்பும் நுழைந்துவிடும்
என்று சொல்லி அனுப்பினார்கள் காப்பகத்தில்.

டெல்ஃப்ஸைல் துறைமுகத்தில் பகலெல்லாம்
நாற்பது மீட்டர் உயரத்தில்
கிரேன் ஓட்டுகிற ரீகுஸ்
இப்போது வயிறு தேய ஊர்கிறான்,
வாயில் பேனா டார்ச்,
விரலிடுக்கில் ஒரு இரண்டு யூரோ நாணயம்.
நாணயம் போகிற சந்தெல்லாம் அடைபட வேண்டும்.

ஹீட்டர் குழாயைச் சுற்றி ஒன்று.
அலமாரியின் முதுகில் ஒன்று, பலகை அடித்தாயிற்று.
வாஷிங் மெஷினுக்குப் பின்னால்
கட்டைவிரல் மொத்தத்துக்குத் தூசி,
யாருடையதென்று தெரியாத ஒரு சீப்பு.

சாய்வு நாற்காலியைத்தான் என்ன செய்வது?
நெம்புகோலை இழுத்தால் கால்பலகை நீளும்,
உள்ளே உறங்குகிற ஃபெரெட் நசுங்கும்.
பதினோரு வருஷமாக
அவன் முதுகை அறிந்த நாற்காலி.
ஹில்லெகின் ஒன்றும் சொல்லாமல்
மறுமுனையைப் பிடித்தாள்.
லிஃப்டில் நுழையவில்லை. நாலு மாடியும் படிதான்.

சனிக்கிழமை வந்தன இரண்டும்,
கஸ்தூரியும் ஈரச்சாக்கும் கலந்த வாடையோடு.
பழைய ஜீன்ஸ் காலில் தைத்த தூளியை
முகர்ந்துவிட்டுப் போய்
அவனுடைய பூட்ஸில் தூங்கின.
உலுக்கினாலும் எழாத தூக்கம்.
செத்துவிட்டதோ என்று
ஒன்றின் விலாவில் காதை வைத்தான்:
தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

நள்ளிரவில்
முதுகை வில்லாக்கி, பக்கவாட்டில் துள்ளி,
கதவில் முட்டி, வெட்கமே இல்லாமல் மறுபடி துள்ளி
நாற்காலி இருந்த இடத்தில் ஆட்டம்.
தரையில் உட்கார்ந்து பார்த்தார்கள் இருவரும்.
நாற்காலிதான் இல்லையே.

விடிந்ததும்
சுவரோரம் வைத்த இரண்டு யூரோவைக் காணோம்.
அப்படியென்றால் அடைக்காத சந்து ஒன்று
இன்னும் எங்கோ இருக்கிறது.

ரீகுஸ் டார்ச்சைத் தேடினான்.
அதுவும் இல்லை.