லாம்

பார்ட்டிஸான்ஸ்கே ஊரில் பிப்ரவரி.
பீப்பாய்க் கொட்டகையில்
என் மூச்சு என் கண்ணுக்குத் தெரிகிறது.
பீப்பாயின் மூச்சு தெரியவில்லை.
தண்ணீர் மாதிரித் தெளிவு, பெட்ரோல் வாடை,
அடியில் கொஞ்சம் இனிப்பு.
கழித்தல் இருபத்திரண்டு டிகிரியிலேயே
அதன் ஆவி நெருப்புக்குத் தயார்.
எங்கள் பனிக்காலம்
அதைத் தூங்கவைக்கப் போதாது.

தீயைத்தான் முதலில் எழுதினேன்.
தீயைப் பற்றி யாரும் வாதாடுவதில்லை.
சிவப்புச் சாய்சதுரம், நடுவில் சுடர், முடிந்தது.
தோல் எரியும். தலை கிறுகிறுக்கும்.
விழுங்கி நுரையீரலில் இறங்கினால் உயிர் போகும்.
நீர்வாழ்வனவற்றுக்கு நெடுநாள் கேடு:
அதற்குத் தனிப் படம்,
பட்ட மரம் ஒன்று, செத்த மீன் ஒன்று.
நித்ரா ஆற்று மீன் கொடுத்து வைத்தது,
செத்தாலும்
வால் வரைக்கும் வரைந்திருக்கிறார்கள்.

அப்புறம் நரம்பு.

யோலனா ஹ்ருஷ்கோவா, ஒட்டும் மேசை நான்கு.
ஷிப்டுக்கு எழுநூறு ஜோடி.
ஆயிரத்து நானூறு அடித்தோலுக்கு
ஆயிரத்து நானூறு முறை
தூரிகை டப்பாவில் முங்கி எழும்.
‘மீண்டும் மீண்டும் சுவாசித்தால்’ என்று
என் படிவம் சொல்வது இதைத்தான்.
டிசம்பரில் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகும் வழியில்
வலக்கால் கட்டைச்செருப்பு
பனியில் நின்றுவிட்டது.
அவள் நடந்துகொண்டே இருந்தாள்.
பின்னால் வந்த பையன்
அதைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்த பிறகுதான்
குனிந்து பார்த்தாள்
நனைந்த காலுறையை,
வேறு யாருடையதோ போல.

மருத்துவர் கணுக்காலில் அதிர்கவையை வைத்தார்.
‘தெரிகிறதா?’
‘கேட்கிறது டாக்டர். காதில்.’

பதினோரு பேர் என்றேன் கூட்டத்தில்.
பதினோரு பேர் போதாது என்றார்
விற்கும் கம்பெனியின் ஆலோசகர் க்ளிமேஷ்.
நல்ல மனிதர்,
தட்டில் இருந்த கடைசி பிஸ்கட்டை
என் பக்கம் நகர்த்தினார்.
இவர்களில் குடிப்பவர்கள் எத்தனை?
சர்க்கரை நோய் யாருக்கு?
எலிகள் எந்த அளவில், எத்தனையாவது வாரத்தில்
பின்னங்காலை இழுக்கத் தொடங்கின?
காலை இழுக்கும் எலிக்கு
அட்டவணையில் ஒரு கட்டம் இருந்தது.
நான் பிஸ்கட்டைத் தின்றேன்.

இரண்டாம் வகை என்று முடிவாயிற்று.
முதல் வகை என்றால்
நரம்பு மண்டலத்தைச் சேதப்படுத்தும்.
இரண்டாம் வகை என்றால்
சேதப்படுத்தலாம்.
நடுவே நிற்பது ஒரு லாம்.

இருபது வருடமாக இதை எழுதுகிறேன்,
நேற்றுத்தான் கை நின்றது.
மழை வரலாம் என்கிறோம்.
கதவைத் தட்டினவரிடமும்
உள்ளே வரலாம் என்கிறோம்.
சந்தேகத்துக்கும் சம்மதத்துக்கும்
ஒரே வாலை ஒட்டிவைத்தது யார்?
அடித்த வரியைத் திரும்பப் படித்தால்
கரைப்பானுக்கு யாரோ அனுமதி கொடுத்தது போலிருந்தது.
யாரோ என்ன யாரோ.
கீழே இருப்பது என் கையெழுத்து.

இன்று புது லேபிளை ஒட்ட நானே வந்தேன்.
மேசை நான்கில் இப்போது வேறொருத்தி,
பத்தொன்பது வயதிருக்கும்,
விரலில் காய்ந்த பசையைத் துடைக்க
அதே டப்பாவில் துணியை நனைக்கிறாள்.
அட்டைப்பெட்டிப் பிரிவுக்கு மாற்றிய யோலனா
சுவரைப் பிடித்தபடி கொட்டகைக்கு வந்தாள்.
கண்ணாடி போட்டுக்கொண்டு
லேபிளின் படத்தைப் பார்த்தாள்:
தலை, தோள், மார்பில் வெடிக்கும் நட்சத்திரம்.
அந்த ஆள் மார்போடு முடிந்துவிடுகிறான்.
‘இவனுக்குக் கால் எங்கே?’ என்றாள்.
அவள் சிரித்தாள்.
நான் சிரித்திருக்கக் கூடாது.

மூடியைச் சரியாகத் திருகவில்லை போலிருக்கிறது.
ஒரு சொட்டு வழிந்து
லேபிளின் மேல் மெல்ல இறங்கியது.
எதையும் கரைப்பதுதான் அதற்குச் சம்பளமில்லாத வேலை,
மையையும் விடாது.
துடைக்காமல் நின்றேன்.
முதலில் அந்த லாம் போகட்டும் என்று
பார்த்துக்கொண்டே நின்றேன்.

லாம் அப்படியே இருந்தது.
கலைந்தது
நரம்பு என்ற சொல்.