சாரம்

பெட்போர்டு லாட்ஜின் மூன்றாம் மாடிப் பூச்சில்
சவுக்குக் கம்பு உருண்டது.
கயிற்றை முடிந்தவன் நானே,
யாரையும் திட்ட வழியில்லை.
வலது முழங்காலுக்குக் கீழே
எலும்பில் இரண்டு விரற்கடை காணவில்லை.

குன்னூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் நிர்மலா போஜன்
படத்தை வெளிச்சத்தில் பிடித்துச் சொன்னார்:
"இந்த இடைவெளியில் ஒரு சாரம் வைக்கப் போகிறோம், மருதவீரன்."
சிரித்துவிட்டேன்.
இருபத்திரண்டு வருடம் சாரம் கட்டியவன் காலுக்குள் சாரமா?

மாதிரி ஒன்றைக் கையில் கொடுத்தார்.
வர்க்கியின் உடைந்த மூலை போல் இருந்தது.
உள்ளெல்லாம் பொத்தல்.
பொத்தலின் சுவரெல்லாம் மருந்து.
கிருமியைத் தடுக்க ஒன்று,
எலும்பை அழைக்க ஒன்று.
முதலது இரண்டு வாரம்.
மற்றது கசிந்து கசிந்து மூன்று மாதம்.

"மொத்தமாக ஊற்றிவிட்டால்?"
ஜன்னலைக் காட்டினார்.
எதிர்மலையில் போன நவம்பரின் செம்மண் கிழிசல்,
ஒரே இரவு மழைக்கு
தேயிலையும் பாதையுமாக இறங்கிப்போன சரிவு.
இப்போது அதன்மேல் சாரல்.
ஓரத்தில் புல் பிடித்திருந்தது.

எனக்குப் புரிந்தது வேறு.
மேஸ்திரி எபனேசர் என் கூலியை
மொத்தமாகத் தந்ததே இல்லை.
மங்களேஸ் சொல்லிவைத்த ஏற்பாடு:
சனிக்கிழமைக்கு இவ்வளவு,
பள்ளிக்கூடம் திறக்கையில் இவ்வளவு,
டாஸ்மாக் வரை போகிற அளவுக்கு
ஒருபோதும் இல்லை.

ராத்திரிகளில் கட்டுக்குள் கவனிப்பேன்.
அரிப்பு மட்டும்.
பத்தாம் நாள் காய்ச்சல் வந்தது,
உள்ளே யாரோ பதில் சொன்னதுபோல் போய்விட்டது.

ஒன்றைத்தான் நம்ப முடியவில்லை.
வேலை முடிய முடிய அதுவே கரையுமாம்.
நாங்களென்றால்
மேலிருந்து முடிச்சு முடிச்சாக அவிழ்க்க வேண்டும்,
கம்பை எண்ணி ஒப்படைக்க வேண்டும்,
குறைந்தால் கூலியில் பிடிப்பார்கள்.
இது யாருக்கும் கணக்குச் சொல்லாமல்
எலும்புக்கு இடம் விட்டு
ரத்தத்தோடு போய்விடும்.

பதினான்காம் வாரப் படத்தில்
இடைவெளி நிறைய ஒரு வெளுப்பு.
"இதுதான் எலும்பு" என்றார்.
சிம்ஸ் பார்க் பனி என்று நினைத்தேன்.
சொல்லவில்லை.

கோல் ஊன்றி பெட்போர்டு வரை நடந்தேன்.
லாட்ஜ் மஞ்சளாகி நிற்கிறது.
சாரம் நின்ற துளைகளைச் சிமெண்ட் வைத்து அடைத்து
மேலே பெயிண்ட் அடித்துவிட்டார்கள்;
இருந்தும் ஒவ்வொன்றும் எனக்குத் தெரிகிறது.
மூன்றாம் மாடியில் ஒன்றை மறந்திருக்கிறார்கள்.
ஒரு பட்டாணிக்குருவி
வாயில் நாரோடு உள்ளே போகிறது,
வெறும் வாயோடு வருகிறது,
மறுபடி போகிறது.