நாற்பது கதிரை, ஒரு தகரம்

பேய்க்கதை இரவு என்று நோட்டீஸ் அடித்தோம்.
ஆச்சரியக்குறி வேண்டாமென்றேன்,
அச்சகத்து ரிஸ்மி மூன்று போட்டுவிட்டான்.
உவர்மலை ஏற்றத்தில், வாசகர் வட்டத்துக்கு
வாடகையில்லாமல் கிடைத்த பழைய பங்களா
(யாருடையதென்று கேட்காதீர்கள், வழக்கு நடக்கிறது).
கடல் பக்கம் ஆறு யன்னல்,
ஒன்று மட்டும் சாத்துப்படாது.

எழுத்தாளர் கொழும்பிலிருந்து ஒருவர், மட்டக்களப்பால் ஒருவர்,
மூன்றாமவர் வல்வெட்டித்துறை, பெண்.
பதினெட்டு மர்ம நாவல், ஒவ்வொன்றிலும் ஒரு நிலவறை.
"உங்கட ஊரில நிலவறை இருக்கா?"
பஸ்ஸால் இறங்கின உடனே கேட்டார்.
கோட்டைக்குக் கூட்டிப்போனேன்.
வாசலில் மான் ஒன்று
ஐஸ்கிரீம் கடதாசி தின்றுகொண்டிருந்தது.
அவருக்குத் திருப்தியில்லை.

கறுப்புத் துணி பன்னிரண்டு யார், மெழுகுதிரி இரண்டு பெட்டி.
இடிக்கு ஒரு தகரம்:
நெவில் பாஸ் கூரை போட்டு மிஞ்சியது, ஆளுயரம்.
இரண்டு கையாலும் பிடித்து உதறினால்
வயிற்றுக்குள் இடிக்கும்.
ஒத்திகையில் நானே சிரித்தேன்.

ஏழே கால். கதிரை நிறைந்து
யன்னல் கட்டில் பிள்ளைகள்.
கொழும்புக்காரர் வாசித்தார்: ஒல்லாந்துத் துரையின் மனைவி,
ஈரக் கவுன், படியெல்லாம் உப்புத் தடம்.
நல்ல கதைதான்.
பின்வரிசையில் யாரோ கச்சான் உடைத்தார்கள்.
மட்டக்களப்பாரின் பேய்க்குக் கொஞ்சம் கடன் இருந்தது.
வங்கி முகாமையாளர் சபாநடேசன்
குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.
மூன்றாமவர் நிலவறைக் கதவில் கைவைத்தார்.
அதுதான் அடையாளம்.
விதுரன் மெயின் சுவிட்சை இறக்கினான்.
துணிக்குப் பின்னால் நான்
தகரத்தை உதறினேன்.

ஒருவரும் கத்தவில்லை.
கதிரைக்கால்கள் சீமெந்தில் உரசின,
ஒரே தரம், சொல்லிவைத்தாற்போல்.
பிறகு அதுவுமில்லை.
கடல் மட்டும், அந்தச் சாத்தாத யன்னலால்.

விதுரன் லைற்றைப் போட்டான்.
நாற்பது கதிரையும் வெறுமை.

நிலத்தில் முகம் கவிழ்ந்து,
முழங்கை காதுக்கு மேல், வாய் சற்றே திறந்து
(திறந்து வைத்தால் செவிப்பறை கிழியாது,
எட்டு வயதில் எனக்கும் சொல்லித் தந்தது)
முகாமையாளர்.
அவருக்குப் பக்கத்தில் கச்சான் கோதுகளுக்குமேல் ஒருவர்.
நஸீஹா ரீச்சர்
யாருடையதென்று தெரியாத ஒரு சிறுமியைத்
தன் வயிற்றுக்குள் மடித்து வைத்திருந்தா.
மட்டக்களப்பார் மேசைக்குக் கீழ்.
நிலவறைக்காரி சுவரோரம்,
யன்னலுக்கு நேரே இல்லாமல்,
மிகச் சரியான இடத்தில்.

நின்றது கொழும்புக்காரர் மட்டும்,
கையில் முப்பத்தோராம் பக்கம்.
அவர் பயந்த சத்தம் வேறாம்,
கதவு தட்டுவது. பிறகு சொன்னார்.

பிள்ளைகள் சிரித்தார்கள்.
பெரியாக்கள் விளையாடுகிறார்கள் என்று நினைத்து
குதித்து இறங்கித் தாங்களும் படுத்தார்கள்.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், வரவில்லை.
முகாமையாளர் எழும்பாமலே
பக்கத்துக் கச்சான்காரரைக் கேட்டார்:
"தொண்ணூறில நீங்க எங்க?"
"நிலாவெளிப் பள்ளிக்கூடம்."
"நாங்க மூதூர்."
கதிரைக்கால்களுக்கு நடுவே கொஞ்ச நேரம் அப்படியே.
நஸீஹா ரீச்சர் சீலையைத் தட்டிக்கொண்டு எழுந்து
"பிள்ளை, தேத்தண்ணிய ஊத்து" என்றா.
நிலவறைக் கதவுக்குப் பின்னால் என்ன இருந்ததென்று
ஒருவரும் கேட்கவில்லை.
அவரும் புத்தகத்தை மூடிப் பைக்குள் வைத்தார்.

நெவிலிடம் அன்றிரவே கொடுக்க வேண்டும்.
உட்துறைமுக வீதி, பதினொரு மணி, கச்சான் காற்று.
சைக்கிளில் நிற்காது.
தலையில் வைத்தால் உதறும்.
சைக்கிளைப் பங்களாவிலேயே விட்டு
தகரத்தை நெஞ்சோடு தட்டையாய் அணைத்து
இரு விளிம்பையும் விரலால் அழுத்திக்கொண்டு
வீடு வீடாய்க் கடந்தேன்.
ஒரு வீட்டில் இன்னும் லைற் எரிந்தது.
அவ்விடத்தில் இன்னும் மெல்ல.

விரல் வெட்டியிருந்ததை
நெவிலின் படலையில்தான் பார்த்தேன்.