மூன்று பத்து

பழைய மீற்றரைக் கழற்றியவர்கள்
அதன் வயிற்றில் எறும்புப் புற்றைக் கண்டார்கள்.
கண்ணாடிக்குள் பாசி.
எது எட்டு, எது மூன்று என்று
ஒன்பது வருடமாக யாருக்கும் தெரியாது.
தெரிந்த மாதிரி எழுதிப் போனார்கள்,
எழுதின மாதிரி நாங்கள் கட்டினோம்.

புதியது நீலம். மூடிக்குள் சின்ன அன்டெனா.
புளூமெண்டால் ஒழுங்கையில், எங்கள் தோட்டத்தில்
மூன்று குடும்பத்துக்கு ஒன்று:
மெக்டலின் அக்கா, பஸீனா தாத்தா, நாங்கள்.
இனி வாசிக்க வருபவர் கேற்றைத் தட்டத் தேவையில்லை.
எங்களுக்குக் கேற் இல்லை. அது வேறு கதை.

அந்த நீலங்கள் இரவிரவாகப் பேசுவது என்னோடுதான்.
இரத்மலானை, இரண்டாம் மாடி, அளவுக்கு மிஞ்சின ஏசி.
காதுவரை சால்வை இழுத்துக்கொண்டு
நிலந்தி தென்பக்கம் பார்ப்பாள். எனக்கு வடக்கு.
திரையில் கொழும்பு ஆளில்லாத ஊர்,
எண்கள் மட்டும் விழித்திருக்கும்.

வெள்ளவத்தையில் பூட்டிய மாடிவீடு:
ஆட்கள் கனடாவில்,
மணிக்கு இரண்டு லீற்றர் மட்டும்
இங்கேயே தங்கிவிட்டது.
மருதானையில் ஒரு விடுதி
விடிய நாலரைக்கு ஒரே நேரத்தில் முகம் கழுவும்.
கொட்டாஞ்சேனையில் ஒரு மீற்றர் ஆறு நாளாய்ப் பூச்சியம்.
பயந்து போன் எடுத்தேன்.
"மகள் வீட்ட நிண்டனான் பிள்ளை.
தண்ணி பாவிக்காட்டியும் கேள்வியோ?"

இரண்டுக்கும் நாலுக்கும் இடையில் ஓடினால் கசிவு.
அது விதி.
அந்த நேரத்தில் நித்திரை கொள்ள முடிந்த யாரோ
எழுதிய விதி.

ஒரு செவ்வாய், எங்கள் மீற்றர் சிவந்தது.
மூன்று பத்து. முப்பத்தெட்டு லீற்றர்.
புதன், மூன்று பதினொன்று. முப்பத்தாறு.
வியாழன் மறுபடி முப்பத்தெட்டு.
வெள்ளி ஒன்றுமில்லை.

மாதம் முடிய பில் வந்தது.
பில்லை மூன்றாய்ப் பிரிக்கலாம், சண்டையை முடியாது.
"தஹஜ்ஜுத்துக்கு நான் ஒளு எடுக்கிறது
ஒரு கேத்தல் தண்ணியில" என்றா பஸீனா தாத்தா.
மெக்டலின் அக்கா எங்கள் கக்கூஸைக் காட்டினா.
இவர் என்னைப் பார்த்தார்:
"உனக்குத் தெரியும்தானே. ஆர்?"

மீற்றருக்கு மணி தெரியும், கை தெரியாது என்றேன்.
பொய்யில்லை. அன்றைக்கு.

லீவு நாளிலும் மூன்றுக்கு முழிப்பு வந்துவிடுகிறது.
யன்னலால் பார்த்தேன்.
பைப்படியில் அக்காவின் மகன் டிலக்‌ஷன்,
துறைமுகத்தில் கிளாக் வேலை என்று
தாய் ஒழுங்கை முழுக்கச் சொல்லிவைத்த பிள்ளை.
பைப்பின் வாயில் சாரத்துண்டு கட்டியிருந்தான்,
தண்ணீர் சத்தமில்லாமல் இறங்க.
சீமேந்துக் கப்பல்.
இமைகூட வெள்ளை.
முதல் வாளியில் சாம்பல் போனது.
இரண்டாவதில் ஒரு கழுத்து வந்தது.
மூன்றாவதில்தான் அவன் வந்தான்.
முழங்கை மடிப்புக்குள் இருமினான்,
அந்தச் சத்தத்தையும் துண்டால் கட்டுகிறவன்போல.

முப்பத்தெட்டு லீற்றர்.
எனக்கு அந்த எண் மனப்பாடம்.
அது இப்படி இருக்கும் என்று தெரியாது.

திங்கள் இரவு. மூன்று பத்து. சிவப்பு.
திரை காரணம் கேட்டது:
கசிவு. களவு. மீற்றர் பழுது. வேறு.
'வேறு' அழுத்தினால் ஒரு பெட்டி திறக்கும்,
நாற்பது எழுத்துக்கு இடம்.
"ஒருவர் குளிக்கிறார்" என்று தட்டினேன்.

அந்தக் கணினிக்கு எங்கள் எழுத்துத் தெரியாது.
நிலந்தியின் எழுத்தும் தெரியாது.
சின்னச் சின்னச் சதுரங்களாக வரிசையில் வைத்தது,
வெறும் வாளிகளைப்போல.

ஆனாலும் ஏற்றுக்கொண்டது.
மூன்று பதினேழுக்கு ஓட்டம் நின்றது.