நாற்பது அங்குலம்

காலையில் வானொலி பன்னிரண்டு அங்குலம் என்றது.
மதியம் இருபது.
நான்கு மணிக்கு அந்த அறிவிப்பாளன்
தொண்டையைச் செருமிக்கொண்டு
நாற்பது என்றான்.

சுப்பீரியர் ஏரி இன்னும் உறையவில்லை.
உறையாத ஏரி கடன் கொடுத்தவன் மாதிரி,
வடமேற்குக் காற்றோடு கிளம்பினால்
வாசல்வரை வந்துதான் நிற்கும்.

இர்யா பட்டியல் எதுவும் எழுதவில்லை.
காலுமெட்டில் பதினெட்டுக் குளிர்காலம் கழித்தவளுக்கு
விரல்களே பட்டியல்.
குளியல் தொட்டியை விளிம்புவரை நிரப்பினாள்:
மின்சாரம் போனால் கிணற்று மோட்டாரும் போகும்.
சமையலறைக் குழாயைச் சொட்ட விட்டாள்.
"ஓடுகிற தண்ணீருக்குத்தான்
குளிர் விட்டுப்போகும்" என்றாள்.

நான் வெளியே.
கொதிகலனின் புகைக்குழாய்
சுவரைத் துளைத்து வெளிவருவது முழங்கால் உயரத்தில்.
பனி அதன் வாயை அடைத்தால்
நச்சுக்காற்று எங்கள் படுக்கையைத் தேடி வரும்.
மூன்று பக்கமும் பலகை அடித்தேன்.
பாதையின் இரு ஓரமும் ஆரஞ்சுக் குச்சிகள்.
தபால் பெட்டிக்குப் பக்கத்தில் ஒன்று கூடுதலாக;
போன வருடம் பனி தள்ளும் லாரி
அதைக் கடிதங்களோடு பெயர்த்துப் போனது.

பெட்ரோல் பங்கில் எனக்கு முன்னால் போட்ரி.
பக்கத்து வீடு. பேச்சு கிடையாது,
மார்ச் மாதம் அவன் எந்திரம் துப்பிய பனி
எங்கள் வேலியைச் சாய்த்ததிலிருந்து.
இன்று தலையை ஒருமுறை ஆட்டினான்.
புயலுக்கு முந்தைய நாளில்
அது ஒரு சொற்பொழிவு.

கடைசியாக, கார்.
மூக்கு தெருவைப் பார்க்க நிறுத்தினேன்.
டிக்கியில் கம்பளி, காப்பி டப்பாவுக்குள் மெழுகுவர்த்தி,
தீப்பெட்டி, பேட்டரி ஒயர்,
வழுக்கும் சக்கரத்துக்குப் போட ஒரு மூட்டை பூனை மணல்
(எங்களிடம் பூனை இல்லை),
இர்யா நவம்பரிலேயே தின்றுவிட்ட
சாக்லெட்டின் காகிதம்.
வைப்பர் இரண்டையும் தூக்கி நிறுத்தினேன்,
சரணடைந்தவன் கைகளைப் போல.

பதினோரு மணிக்கு விளக்கு போனது.
மழை மாதிரி கூரையில் பேசாது பனி.
எடையாகவே பேசும்.
நடு இரவில் உத்தரம் ஒருமுறை முனகியது.
நாங்கள் இருவரும் விழித்திருந்தோம்,
இருவரும் தூங்குவதாக நடித்தோம்.

விடிந்ததும் கதவை உள்பக்கம் இழுத்தேன்.
வெளியே இன்னொரு கதவு, வெள்ளையில்.
சட்டங்கள், சாவித் துவாரம்,
கைப்பிடி இருந்த இடத்தில் ஒரு பள்ளம்,
எல்லாம் அச்சு அசலாக.

"ஷவல் எங்கே?" என்றாள் இர்யா.

ஒன்று கொட்டகையில்.
கொட்டகைக் கதவு வெளிப்பக்கம் திறப்பது.
இன்னொன்று
சாலையில் சிக்கினால் தோண்டுவதற்காக
நானே, என் கையால்,
காரில்.

"கார் எங்கே?"

மாடி ஜன்னலில் இருந்து காட்டினேன்.
சமவெளியில்
இரண்டு கறுப்புக் கோடுகள்
இன்னும் சரணடைந்துகொண்டிருந்தன.

அவள் சிரிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.
சமையலறைக்குப் போய்
வான்கோழி வேகவைக்கும் தட்டை எடுத்து வந்து
என் கையில் கொடுத்தாள்.

ஒரு தட்டு, ஒரு தட்டு, ஒரு தட்டு.
ஒரு மணி நேரத்தில் நான்கு படிகள் கிடைத்தன.
நிமிர்ந்தால், வேலிக்கு அப்பால் போட்ரி.
எவ்வளவு நேரமாகப் பார்க்கிறானோ.
போனை எடுத்தான்,
நிதானமாக ஒரு படம் பிடித்தான்,
உள்ளே போனான்.

பிறகு எந்திரம் உறுமியது.
சாய்ந்த வேலிவழியே எங்கள் பக்கம் நுழைந்து
கார்வரை ஒரு கோடு கிழித்தான்.
குழாயின் வாயைத் திருப்பி வைத்திருந்தான்:
எங்கள் பனி முழுக்க
அவன் முற்றத்திலேயே விழுந்தது.

டிக்கியைத் திறந்தேன்.
கம்பளிமேல் கால் நீட்டிப் படுத்திருந்தது ஷவல்,
ஒரு துளி ஈரம் படாமல்.

இர்யா தொட்டித் தண்ணீரை ஒரு குவளை மொண்டு
தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள்.
நாங்கள் சேமித்ததில்
முதலில் பயன்பட்டது அதுதான்.