இறங்கு விலை

மூக்கில் மருந்து பீச்சினார்கள்.
கசப்பு இறங்கியதும் தொண்டையே இல்லை.
எச்சிலை வேறு யாரோ விழுங்குகிறார்கள்.

இடது துவாரம் கோணலாம்.
வலதில் நுழைகிறது கறுப்புக் குழாய்,
நுனியில் ஒரு பொட்டு வெளிச்சம்.
"மூச்சை இழுங்க, எர்மிந்தா."

புரேலா துறைமுகத்தில் இருபத்தாறு வருஷம்
விடியுமுன் மீன் ஏலம் கூவியவள்.
அங்கே விலை ஏறாது, இறங்கும்:
ஒன்பது, எட்டே முக்கால், எட்டரை...
எவனாவது "எனக்கு" என்று கத்தும்வரை.
குழாயும் இறங்குகிறது.
நிறுத்தக் குரலில்லை.

"ஈ சொல்லுங்க. நீட்டி. ஈஈ..."

திரையில் ஈரமாய் இரண்டு வெள்ளை மடிப்பு.
கணவாய்தான், என்று நினைக்கிறாள்,
முதல் தரமில்லை, கிலோ ஆறுக்குப் போகும்.
ஒன்றின் விளிம்பில் கடுகளவு வீக்கம்.

மூன்று வாரம் பேசக்கூடாது,
கிசுகிசுக்கவும்தான்.
வெட்டுவதா என்று அப்புறம் பார்க்கலாம்.

குழாய் வெளியே வந்துவிட்டது.
கண்ணிலும் மூக்கிலும் நீர்.
படம் மட்டும் திரையில் நிற்கிறது.

கூவுகிறவள் ஏலம் கேட்கக்கூடாது.
ஒரு நாளும் கேட்டதில்லை.

வாய் திறக்காமல்
திரையை நோக்கி விரலை உயர்த்துகிறாள்.

"ஏதாவது சந்தேகமா?" என்கிறார்
டாக்டர் உஷியோ.